முதுகில் கேட்கும் சத்தம்

1895 செப்டம்பர் 18. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரை நகரமான டேவன்போர்ட். அங்கே ஒரு கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்துவந்த ஹார்வி லில்லார்ட் என்ற கறுப்பினத்தவருக்கு 17 ஆண்டுகளாகக் காது சரியாகக் கேட்பதில்லை. அதே கட்டடத்தில் அறை எடுத்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர் டேனியல் டேவிட் பால்மர். குனிந்து வேலை செய்தபோது முதுகில் ஏதோ நழுவினதுபோல இருந்தது, அதற்கப்புறம்தான் காது போனது என்று லில்லார்ட் சொல்ல, பால்மர் அவருடைய முதுகைத் தடவிப் பார்த்து, புடைத்துக்கொண்டிருந்த ஓர் எலும்பைக் கையால் ஒரே தள்ளாகத் தள்ளினாராம். காது கேட்டுவிட்டதாம்.

இரண்டு ‘ஆம்’ போட்டது வேண்டுமென்றுதான். லில்லார்டின் மகள் பிற்காலத்தில் சொன்ன கதை வேறு மாதிரி. அப்பா யாரிடமோ நகைச்சுவையாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், அதைக் கேட்ட பால்மர் சிரிப்பு தாங்காமல் அவர் முதுகில் ஓங்கித் தட்டினார், சில நாள் கழித்துக் காது கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது என்பது அவர் சொன்னது. உடற்கூறு படித்தவர்கள் இன்னொரு சங்கடத்தையும் சுட்டிக்காட்டுவார்கள். செவி நரம்பு காதிலிருந்து நேராக மூளைக்குப் போகிறது. முதுகெலும்பு வழியாகப் போவதே இல்லை. எது எப்படியோ, உலகம் முழுக்க இன்று நடக்கும் ஒரு தொழிலுக்கு இதுதான் பிறந்தநாள் கதை. அந்தத் தொழிலின் பெயர் கைரோபிராக்டிக்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்றைக்கு எந்தப் பேரங்காடிக்குப் போனாலும் இதற்கு ஒரு கிளினிக் இருக்கிறது. கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு பிளாஸ்டிக் முதுகெலும்பு, முகம் வைக்க ஓட்டை போட்ட ஒரு நீளமான மேசை. கைப்பேசியைத் திறந்தால் யாரோ ஒருவரின் கழுத்தைத் திருகுகிற காணொளி, ஒலிவாங்கியை முதுகுக்கே பக்கத்தில் வைத்து எடுத்தது. எங்கள் தொழிற்சாலையில் மதிய உணவு நேரத்தில் பாதிப் பேச்சு முதுகுவலி பற்றித்தான். “ஒரு தடவ போய்ப் பாரு தம்பி, டக்குன்னு ஒரு சத்தம், அவ்ளோதான், எல்லாம் போயிடும்” என்று ஒரு சீனியர் அண்ணன் சொன்னார். என் அம்மாவும் போகணும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அம்மாவுக்கு 58 வயது. எலும்பின் அடர்த்தி குறைந்திருப்பதாக மருத்துவமனைச் சோதனையில் ஏற்கெனவே வந்திருந்தது. ‘போகலாமா வேண்டாமா’ என்று தேட ஆரம்பித்ததுதான் என்னை டேவன்போர்ட் வரைக்கும் கொண்டுபோய் விட்டது. முதல்முறை போகிறவர்கள் அந்த அறையில் பார்க்கப்போகும் பொருள்கள், கேட்கப்போகும் வார்த்தைகள் பலவற்றுக்குப் பின்னால் ஒரு சண்டையின் வரலாறு இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

பால்மர் 1845-ல் கனடாவில், டொரொன்டோவுக்கு அருகே பிறந்தவர். 20 வயதில் அமெரிக்காவுக்கு வந்தார். பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தார், தேனீ வளர்த்தார், ராஸ்பெர்ரிச் செடி விற்றார், மளிகைக்கடை வைத்தார். 1880-களில் காந்த வைத்தியராக மாறினார். காந்த வைத்தியம் என்றால் இரும்புக் காந்தம் எல்லாம் கிடையாது. வைத்தியரின் கையிலிருந்து ஒரு சக்தி நோயாளிக்குள் பாய்கிறது என்ற நம்பிக்கை. அந்தக் காலத்து அமெரிக்காவில் இது விசித்திரமான தொழிலே இல்லை. படித்த மருத்துவர்கள் பாதரச மருந்து கொடுத்துக்கொண்டிருந்த காலம் அப்போதுதான் முடிந்துகொண்டிருந்தது. நோயாளியைத் தொட்டு மட்டும் அனுப்பியவர் குறைந்தபட்சம் அவருக்கு விஷம் கொடுக்கவில்லை.

லில்லார்டுக்குப் பிறகு ஓர் இருதய நோயாளிக்கும் முதுகெலும்பைத் தள்ளிவிட்டுக் குணமானதாகப் பால்மர் எழுதியிருக்கிறார். இரண்டே நோயாளிகள். இரண்டையும் வைத்து ஒரு முழுக் கோட்பாடு. நோய்களில் 95 விழுக்காட்டுக்கு முதுகெலும்பு இடம் பிசகி நரம்பை அழுத்துவதுதான் காரணம் என்றார். மீதி 5 விழுக்காட்டுக்கு உடம்பின் மற்ற மூட்டுகள். அந்த இடப்பிசகுக்கு அவர் எடுத்தாண்ட சொல் ‘சப்லக்சேஷன்’. உடம்பில் பிறவியிலேயே ஓர் அறிவு இருக்கிறது, அது நரம்பு வழியாக ஓடுகிறது, அடைப்பை எடுத்துவிட்டால் உடம்பு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்பது அதன் தத்துவம். அவரிடம் வைத்தியத்துக்கு வந்த சாமுவேல் வீட் என்ற பாதிரியார் கிரேக்கத்திலிருந்து கை, செயல் என்ற இரண்டு சொற்களைக் கோர்த்துப் பெயர் வைத்துக்கொடுத்தார். நேராகத் தமிழில் சொன்னால் ‘கைவேலை’.

கைவேலை என்று சொன்னால் நமக்கு இது ஒன்றும் புதுசு இல்லை. கோலசிலாங்கூர்ப் பக்கம் தோட்டத்தில் வளர்ந்த என் பாட்டி சொல்வார், இடுப்பு பிடித்துக்கொண்டால் பிறக்கும்போது கால் முதலில் வெளியே வந்த ஆள் யாராவது லயத்தில் இருக்கிறாரா என்று தேடுவார்களாம். அவர் வந்து இடுப்பில் மெதுவாக ஓர் உதை விடவேண்டும். கிடைக்காவிட்டால் சுளுக்கு வழிக்கிற அம்மா. அவரும் இல்லாவிட்டால் பக்கத்துக் கம்பத்தில் உருட் போடும் மலாய்க்காரப் பாட்டி. இங்கிலாந்திலும் இதே கதைதான். அங்கே இவர்களுக்கு எலும்பு பொருத்துகிறவர்கள் என்று பெயர். சாரா மாப் என்ற பெண் 1730-களில் லண்டன் வட்டாரத்தையே கலக்கினார். 1867-ல் ஜேம்ஸ் பேஜெட் என்ற பெரிய அறுவைச் சிகிச்சை நிபுணர், இந்த நாட்டு வைத்தியர்கள் குணப்படுத்தும் நோயாளிகளைப் பற்றி மருத்துவர்களுக்கே ஒரு சொற்பொழிவு ஆற்றினார். பால்மரே முதுகெலும்பை அழுத்தும் வழக்கம் மிகப் பழையது என்று ஒப்புக்கொண்டவர்தான். எனக்கு ஆச்சரியம் இதில்தான். கையால் அழுத்துவது எல்லா ஊரிலும் இருந்தது. சுளுக்கு வழிக்கிற அம்மா ஒருநாளும் நீரிழிவுக்கும் காது கேளாமைக்கும் சுளுக்குதான் காரணம் என்று சொன்னதில்லை. பால்மர் சொன்னார்.

ஏன் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னது ஏன் நிலைத்தது என்பதற்குப் பதில் பாதி நீதிமன்றத்தில் இருக்கிறது.

உரிமம் இல்லாமல் மருத்துவம் பார்த்ததாக 1906-ல் பால்மர் மீது வழக்கு. அபராதம் கட்டமாட்டேன் என்று சிறைக்குப் போனார். 23 நாள் இருந்துவிட்டு அபராதத்தைக் கட்டி வெளியே வந்தார். அடுத்த ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்தில் லாகிராஸ் என்ற ஊரில் நடந்த வழக்கு இன்னும் முக்கியமானது. குற்றம் சாட்டப்பட்டவர் ஷெகதாரோ மொரிகுபோ, பால்மரின் பள்ளியில் படித்த ஜப்பானியர். உரிமம் இல்லாமல் ஆஸ்டியோபதி பார்த்தார் என்பது குற்றச்சாட்டு. ஆஸ்டியோபதி என்பது ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர் பால்மருக்கும் இருபது ஆண்டுகள் முந்தித் தொடங்கிய, வெளிப்பார்வைக்கு ஏறக்குறைய இதே மாதிரி இருக்கும் கை வைத்தியம். வழக்கறிஞர் டாம் மாரிஸ் எடுத்த வாதம் சாமர்த்தியமானது: கை அசைவு ஒன்றுபோலத் தெரியலாம், தத்துவம் வேறு. அவர்கள் இரத்த ஓட்டத்தைப் பேசுகிறார்கள், நாங்கள் நரம்பைப் பேசுகிறோம். அது வேறு தொழில், ஆகவே அந்தச் சட்டம் எங்களைக் கட்டாது. மொரிகுபோ விடுதலை ஆனார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். அன்றைக்கு அந்த நீதிமன்றத்தில் வென்றது வைத்தியம் இல்லை, தத்துவம். சப்லக்சேஷன் என்ற சொல்லை விட்டுவிட்டால் தொழிலே சட்டவிரோதம் ஆகிவிடும் என்ற நிலை. ஓர் அறிவியல் கருத்து தவறென்று தெரிந்தால் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு மேலே போகலாம். வழக்கில் கவசமாக மாட்டிக்கொண்ட கருத்தை அவ்வளவு லேசாகக் கழற்ற முடியாது. 1911-ல் பால்மர் இதை ஒரு மதமாகவே அறிவித்துவிட்டால் சட்டத்திலிருந்து தப்பிக்கலாமா என்றுகூட ஒரு கடிதத்தில் யோசித்திருக்கிறார். இன்றைக்கு நம் ஊர் கிளினிக் சுவரில், ஒவ்வோர் எலும்புக்கும் எதிரே தலைவலி, ஆஸ்துமா, மலச்சிக்கல் என்று கோடு போட்டுக் காட்டும் படத்தைப் பார்க்கும்போது எனக்கு லாகிராஸ் ஊர் நீதிமன்றம்தான் ஞாபகம் வருகிறது.

முதல் வருகையில் அடுத்து நடப்பது பெரும்பாலும் எக்ஸ்ரே பேச்சு. இதைக் கொண்டுவந்தவர் மகன், பி.ஜே. பால்மர். (ரோன்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்தது 1895 நவம்பர். லில்லார்டின் முதுகைத் தள்ளி இரண்டே மாதம். வரலாறு சில சமயம் இப்படிக் காலண்டரில் விளையாடும்.) மகன் 1910-ல் பள்ளிக்கு எக்ஸ்ரே இயந்திரம் வாங்கினார். எலும்பு முறிவு பார்க்க அல்ல, இடப்பிசகை நோயாளிக்குப் படமாகக் காட்ட. தாடி, நீள முடி, பள்ளிச் சுவரெல்லாம் வாசகங்கள், சொந்தமாக ஒரு வானொலி நிலையம் என்று வாழ்ந்த மனிதர். அந்த வானொலியில் 1930-களின் தொடக்கத்தில் அறிவிப்பாளராக வேலைக்குச் சேர்ந்த இளைஞர் ஒருவர் பிற்பாடு அமெரிக்க அதிபர் ஆனார், ரொனால்ட் ரீகன். 1924-ல் பி.ஜே. நியூரோகேலோமீட்டர் என்ற கருவியை அறிமுகப்படுத்தினார். முதுகெலும்பின் இரு பக்கமும் தோலின் வெப்ப வித்தியாசத்தைக் காட்டும் கருவி. உள்ளே இருந்தது தெர்மோகப்பிள், நாங்கள் உலையின் வெப்பம் அளக்கத் தினமும் பயன்படுத்துகிற அதே சங்கதி. அளவு சரியாகத்தான் காட்டும். அளந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பதுதான் கேள்வி. அதை அவர் விற்கவில்லை, ஆயிரம் டாலருக்கும் மேல் வாங்கிக்கொண்டு வாடகைக்கு விட்டார். இது இல்லாமல் இனி இந்தத் தொழிலைச் சரியாகச் செய்யவே முடியாது என்றும் சொன்னார். அவருடைய ஆசிரியர்களே பலர் வெறுத்துப்போய் வெளியேறித் தனிக் கல்லூரி தொடங்கினார்கள்.

அவர்களுக்குள் பிளவு இதற்கு முன்பே இருந்தது. முதுகெலும்பு மட்டும்தான் என்பவர்கள் ‘நேர்’ பிரிவு, உடற்பயிற்சி, உணவு, மற்றச் சிகிச்சைகளையும் சேர்த்துக்கொள்கிறவர்கள் ‘கலப்பு’ப் பிரிவு. இந்தப் பிளவு இன்னும் உயிரோடு இருக்கிறது. நீங்கள் போகிற கிளினிக் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும். “என் வலி தீர்ந்த பிறகும் நான் வரணுமா?”

வெளியே நடந்த சண்டை பெரியது. கன்சாஸ் 1913-ல் முதலில் உரிமச் சட்டம் கொண்டுவந்தது. கடைசி மாநிலம் லூசியானா, 1974. நடுவில் ஏராளமானோர் சிறைக்குப் போனார்கள். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1963-ல் போலி வைத்தியத்துக்கு எதிராக ஒரு குழு அமைத்து இந்தத் தொழிலையே ஒழித்துக்கட்டப் பார்த்தது. தன் உறுப்பினர்கள் இவர்களோடு தொழில்முறையில் சேர்ந்து வேலை செய்யக்கூடாது என்று தடுத்தது. செஸ்டர் வில்க்கும் இன்னும் சில கைரோபிராக்டர்களும் 1976-ல் வழக்குப் போட்டார்கள். 1987-ல் நீதிபதி சூசன் கெட்சென்டானர் மருத்துவச் சங்கத்தின் செயல் வணிகப் போட்டிச் சட்டத்துக்கு விரோதமான சதி என்று தீர்ப்பளித்தார். கைரோபிராக்டிக் பலன் தருமா தராதா என்பதை அந்தத் தீர்ப்பு முடிவு செய்யவில்லை. அதை வைத்து ‘நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது’ என்று சொல்லிக்கொள்பவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுவார்கள்.

இங்கிலாந்தில் கதை தலைகீழ். பஞ்சாபிப் பெற்றோருக்குப் பிறந்த அறிவியல் எழுத்தாளர் சைமன் சிங், 2008-ல் ஒரு நாளிதழ்க் கட்டுரையில் குழந்தைகளின் ஆஸ்துமா, காதுத் தொற்று போன்றவற்றுக்கு இதில் குணம் உண்டு என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை என்று எழுதினார். பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் சங்கம் அவர்மேல் அவதூறு வழக்குப் போட்டது. 2010-ல் தானே வாபஸ் வாங்கியது. அந்த வழக்கு கிளப்பிய கோபமும் சேர்ந்துதான் 2013-ல் அந்த நாட்டின் அவதூறுச் சட்டமே மாறியது. அடக்கப்பட்டவர்கள் அதிகாரம் வந்ததும் என்ன செய்தார்கள் என்பதற்கு நல்ல உதாரணம்.

சரி, அந்தச் சத்தம். மேசையில் படுக்கவைத்து, மூட்டை அது போகக்கூடிய எல்லைவரை கொண்டுபோய், மிகக் குறைந்த தூரத்துக்கு மிக வேகமாக ஒரு தள்ளு. ‘டக்’. எலும்பு எலும்போடு உரசும் சத்தம் இல்லை, நழுவின எலும்பு உள்ளே போய் உட்காரும் சத்தமும் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான திரவத்தில் திடீரென்று அழுத்தம் குறையும்போது வாயுக் குமிழி உருவாகிறது. பம்பு அறையில் வேலை செய்த யாருக்கும் கேவிட்டேஷன் தெரிந்திருக்கும். சத்தம் குமிழி உடைவதால் வருகிறது என்று 1971-ல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தினர் சொன்னார்கள். 2015-ல் கனடாவில் விரலை எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் வைத்து இழுத்துப் பார்த்தபோது, சத்தத்துக்குப் பிறகும் குமிழி அப்படியே இருந்தது. அப்படியானால் சத்தம் அது உருவாகும்போதே வருகிறது. இந்த விவாதம் இன்னும் முழுசாக ஓயவில்லை. அதே மூட்டில் மறுபடி சத்தம் வர ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் 60 வருடத்துக்கும் மேல் ஒரு கை விரல்களை மட்டும் சொடுக்கிக்கொண்டே இருந்து, இரண்டு கைகளிலும் மூட்டுவாதம் வரவில்லை என்று நிரூபித்து 2009-ல் இக்நோபல் பரிசு வாங்கினார். நம் பாட்டிகள் திருஷ்டி கழிக்கும்போது நெற்றிப்பொட்டில் விரல் சொடுக்குவதும் இதே பௌதிகம்தான்.

எலும்பு இடம் மாறுகிறதா? இடுப்பின் பின்பக்க மூட்டில் மிகத் துல்லியமான எக்ஸ்ரே முறையில் அளந்து 1998-ல் வெளியான ஆய்வு, தள்ளுவதற்கு முன்னும் பின்னும் எலும்பின் இருப்பிடம் மாறவில்லை என்று காட்டியது. ஆனால் வலி குறைவது உண்மை. 2017-ல் அமெரிக்க உள்மருத்துவர் கல்லூரி, சாதாரண கீழ்முதுகு வலிக்கு மாத்திரைக்கு முன் முயன்று பார்க்கக்கூடியவற்றில் முதுகெலும்புக் கைச்சிகிச்சையையும் சேர்த்தது. கூடவே சூடு ஒத்தடம், மசாஜ், அக்குபங்சர், உடற்பயிற்சி, யோகா எல்லாம் பட்டியலில் உண்டு. பலன் நடுத்தரம்தான். அற்புதம் ஒன்றும் இல்லை, ஏமாற்றும் இல்லை. எரிச்சலூட்டும் பதில்தான், ஆனால் கிடைப்பது அவ்வளவே.

கழுத்து வேறு கதை. கழுத்தைத் திருகும்போது மூளைக்குப் போகும் இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. மிக அரிது. குழாய் முன்பே கிழிந்திருந்ததால்தான் கழுத்துவலி வந்து, அந்த வலிக்காக அவர் கிளினிக்குக்குப் போனாரா என்றும் விவாதம் உண்டு. எப்படியானாலும், கீழ்முதுகு வலிக்குப் போன இடத்தில் ‘அப்படியே கழுத்தையும் பார்த்துடலாம்’ என்றால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடு தவறுவது, தொடை இடுக்கில் மரத்துப்போவது, காலில் பலம் குறைவது, காய்ச்சலோடு முதுகுவலி, முன்பு புற்றுநோய் வந்தவருக்கு வரும் புதிய முதுகுவலி: இதெல்லாம் மேசையில் படுக்கும் வலி இல்லை, நேராக மருத்துவமனை.

மலேசியாவில் 2016-ல் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் வந்தது, சட்டம் 775. அதன்கீழ் ஏழு பிரிவுகளை அங்கீகரித்தார்கள்: மலாய், சீன, இந்தியப் பாரம்பரிய மருத்துவங்கள், இஸ்லாமிய மருத்துவ முறை, ஹோமியோபதி, ஆஸ்டியோபதி, கைரோபிராக்டிக். 1907-ல் நாங்கள் வேறு அவர்கள் வேறு என்று வாதாடிப் பிரிந்த இரண்டும் நம் நாட்டில் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. கோலாலம்பூரில் அனைத்துலக மருத்துவப் பல்கலைக்கழகத்தில் 2010 முதல் நான்காண்டுப் பட்டப்படிப்பாகவே இதைச் சொல்லித் தருகிறார்கள். ஆகவே ‘எங்கே படிச்சீங்க?’ என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. சிங்கப்பூரில் இந்தத் தொழிலுக்கு அரசாங்க உரிமமுறை கிடையாது, அங்கே இந்தக் கேள்வி இன்னும் அவசியம்.

நாங்கள் முதலில் போனது வீட்டுக்குப் பக்கத்துப் பேரங்காடியில் இருந்த கிளினிக். அம்மாவின் பழைய எலும்பு அடர்த்தி அறிக்கையை நான் கையில் வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. பத்தே நிமிடத்தில் 24 முறைக்கான ஒரு பேக்கேஜ் தாள் மேசைக்கு வந்தது. இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி. அம்மா கைப்பையைத் திறக்கப் போனார். “யோசிச்சுட்டு வர்றோம்” என்று எழுந்து வந்துவிட்டோம். காரில் வீடு வரைக்கும் அம்மா என்னோடு பேசவில்லை.

இரண்டு வாரம் கழித்து வேறு ஒருவரிடம் போனோம். இங்கேயே படித்த இளம்பெண். முக்கால் மணி நேரம் கேள்விகள் கேட்டார். என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எப்போது விழுந்தார், இரவில் வலி எழுப்புகிறதா, காலில் உணர்ச்சி எப்படி. முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். குனியச் சொன்னார், குதிகாலில் நடக்கச் சொன்னார். அறிக்கையைப் படித்துவிட்டு, “ஆன்ட்டி, உங்க எலும்புக்கு நான் வேகமாத் தள்றது செய்யமாட்டேன்” என்றார். இடுப்புத் தசைகளை மெதுவாக அழுத்திவிட்டு, மூன்று உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்து, எலும்புக்கு மருத்துவரிடம் மறுபடி காட்டச் சொல்லிக் கடிதமும் எழுதித் தந்தார். அடுத்த சந்திப்பு தேவைப்பட்டால் மட்டும் கூப்பிடுங்கள் என்றார்.

மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது அம்மா கேட்டார், “சத்தமே வரலையேடா?”